ஆளில்லாத சாலை டெல்டாவில் கிடையாது

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவன் உறவுமுறையில் எனக்கு மருமகன். வெளிநாட்டுச் சம்பளத்தில் புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறான். "லிமிட் என்னன்னு தெரியாம இந்த மாதிரி வண்டிய வச்சிருக்கறதே வேஸ்ட் மாமா. விடியக்காலை நாலரைக்கு பைபாஸ்ல ஈ காக்கா கிடையாது. அதைவிட சேஃபான இடம் எங்க இருக்கு சொல்லுங்க?" என்றான். அவனுடைய அப்பா பெருமையாகத் தலையாட்டினார். எதிர் வரிசையிலிருந்து ஒருவர், எந்தத் திருப்பத்தில் எவ்வளவு வேகம் தாங்கும் என்று யோசனையே சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆளில்லாத சாலை பாதுகாப்பான சாலை என்ற நம்பிக்கை இந்த ஒரு பையனோடு நிற்பதில்லை. புதுக் காரின் சாவி கைக்கு வந்த வீட்டில் எல்லாம் இந்தப் பேச்சு இருக்கிறது. சாலை யாருக்குக் காலியாக இருக்கிறது என்றுதான் யாரும் கேட்பதில்லை.

நாலரை மணிக்கு டெல்டாவில் யார் தூங்குகிறார்கள்? நடவுக்கும் களையெடுப்புக்கும் வெளியூர் போகும் பெண்கள் அந்த நேரத்தில்தான் குட்டியானையின் பின்பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். பால்காரர் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். சம்பா அறுவடைக் காலமென்றால் அறுப்பு மெஷின் ஒரு ஊரை முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு இருட்டோடு நகர்கிறது. பின்விளக்கு எரியாத டிராக்டர் டிரெய்லர் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு போகிறது. அறுத்த வயலில் மேயவிட வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் சாலையைக் குறுக்கே கடக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் வெயிலுக்கு முன்னால் தூரத்தைக் கடந்துவிட வேண்டுமென்று இருட்டிலேயே புறப்பட்டுவிடுகிறார்கள். இவர்களெல்லாம் ஈ காக்கா கணக்கில்கூட வரவில்லையா?

இத்தனையும் ஒதுக்கிவிடுங்கள். நெல்லுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. மழையும் அப்போதுதான் வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். ஒன்றிய அரசு இரக்கப்பட்டுத் தளர்வு தந்தால்தான் 19, 20, 22 என்று ஏறும். அந்த உத்தரவு வரும்வரை ஈர நெல்லை எங்கே வைத்துக் காயப்போடுவது? களமில்லாத ஊரில் தார்ச்சாலைதான் களம். பகலில் பரப்பி, காலால் கிளறிவிட்டு, பொழுது சாய்ந்ததும் குவித்து, படுதா போட்டு மூடி, வண்டி ஏறிவிடாமல் சுற்றிலும் கல் வைக்கிறார்கள். அந்தக் குவியலுக்குப் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்தும்விடுகிறார்கள். கிராமத்துச் சாலையில் மட்டுமல்ல, அகலமாகப் போட்ட நெடுஞ்சாலையின் ஓரத்திலும் இதே காட்சிதான். நாலரை மணிக்கு அந்த மனிதர் அங்கேதான் படுத்திருக்கிறார். அவர் நிற்காததால், நடக்காததால், கையில் விளக்கு இல்லாததால் உங்கள் கண்ணுக்குச் சாலை காலியாகத் தெரிகிறது.

இனி அந்த 'லிமிட்' என்பதற்கு வருவோம். ஒரு காரின் எல்லை அதன் டயர் தார்மேல் கொண்டிருக்கும் பிடிமானத்தில் இருக்கிறது. திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் வேகம் கூட்டுவதற்கும் இருப்பது அந்த ஒரே கிரிப்தான். திருப்பத்தில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டால் பிரேக்குக்கு மிச்சமிருக்காது. மீறினால் ஒன்று முன்சக்கரம் வழுக்கி, ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் நேராக வெளியே போகும். அதை அண்டர்ஸ்டியர் என்கிறார்கள். இல்லையென்றால் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு சுழன்று வரும், அது ஓவர்ஸ்டியர். எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அப்படியென்றால் எல்லையைத் தேடிப் போகிறவன், கார் தன் கையை விட்டுப் போகும் ஒரு கணத்தைத் தேடித்தான் போகிறான். அந்தக் கணத்தில் கார் போய் நிற்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பாதுகாப்பு. தஞ்சாவூர் ஜில்லாவில் அந்த இடத்தில் வாய்க்கால் இருக்கிறது, புளியமரம் இருக்கிறது, நெல்லுக்குக் காவலாக ஒருவர் படுத்திருக்கிறார்.

"இஎஸ்பி இருக்கு, ஏபிஎஸ் இருக்கு" என்பார்கள். எந்த மின்னணுப் பெட்டியும் இல்லாத பிடிமானத்தை உண்டாக்கித் தராது. எல்லையைப் பார்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் அணைப்பதே அந்த இஎஸ்பியைத்தான். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். மணிக்கு 140 கிலோமீட்டரில் போகிறவன் ஆபத்தைக் கண்ட ஒரே நொடியில் பிரேக்கை மிதித்தாலும், நல்ல டயரும் காய்ந்த தாரும் இருந்தாலும், நிற்க ஏறக்குறைய 130 மீட்டர் வேண்டும். தாழ்ந்த ஹெட்லைட் அதில் பாதியைக்கூட ஒழுங்காகக் காட்டாது. அந்தத் தாரின்மேல் முந்தின நாள் கூட்டி அள்ளியது போக மிஞ்சிய நெல்மணிகள் உருண்டுகொண்டிருக்கும். மாசிக்குப் பிறகு வந்தால் உளுந்துச் செடியும் பயறும் கிடக்கும். வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்றே பரப்பியிருப்பார்கள். கேஜ் வீல் டிராக்டர் வயலிலிருந்து ஏறின இடத்தில் சேறு அப்பிக் கிடக்கும். எந்த டயரை இதற்கெல்லாம் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள்?

பைபாஸ் அலுத்தவர்களுக்கு ஆற்றங்கரைச் சாலை கண்ணில் படுகிறது. திருவையாற்றிலிருந்து கல்லணைவரை காவிரியை ஒட்டி வளைந்து வளைந்து போகிற சாலை இவர்களுக்குத் திருப்பம் பழகும் பள்ளிக்கூடமாம். ஆறு வளைந்ததால் வளைந்த சாலை அது. மூங்கில் கொத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று அந்தத் திருப்பம் சொல்லாது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பள்ளத்தில் வீடு. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். பாலத்தில் ஏறும்போது அந்தப்பக்கம் இறங்குகிற இடத்தில் யார் நெல்லைப் பரப்பியிருக்கிறார்கள் என்று எந்த ஓட்டுநருக்குத் தெரியும்?

உடனே நடிகர் அஜித்தைக் காட்டுவார்கள். காட்டட்டும். 2025 ஜனவரியில் துபாயில் 24 மணிநேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் காயமில்லாமல் இறங்கி நடந்து வந்தார். தடுப்பு அதற்கென்றே கட்டிய தடுப்பு. உள்ளே ரோல் கேஜ். உடம்பைப் பிடித்துக்கொள்ளும் பெல்ட், ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை. ஓடி வர ஆட்கள். இவையெல்லாம் இருந்ததால் அவர் நடந்து வந்தார். நரேன் கார்த்திகேயனைக் காட்டுவார்கள். 2005 இல் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்றுக்குப் போன அந்தக் கோயம்புத்தூர்க்காரர் பிரான்சில் எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளியில் படித்தவர். அவினாசி ரோட்டில் விடியற்காலை ஓட்டிப் பார்த்து ஃபார்முலா ஒன்றுக்குப் போய்விடவில்லை.

வேகத்துக்கு இடமில்லாத நாடா இது? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. பிறகு ஶ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் தடம் கட்டினார்கள். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில், பந்தயக் கார் வடிவமைத்த கரிவரதனின் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அப்படிப்பட்ட தடத்திலும் சாவு வருகிறது. 2023 இல் இருங்காட்டுக்கோட்டையில் ஜனவரியில் ஒரு மூத்த கார் பந்தய வீரரும் ஆகஸ்டில் பைக் பந்தயத்தில் ஒரு 13 வயதுச் சிறுவனும் இறந்தார்கள். ஆம்புலன்ஸ் காத்திருக்க, மார்ஷல்கள் கொடியோடு நிற்க, அவரவர் சம்மதித்து இறங்கிய இடத்திலேயே இந்த நிலை. நெல்லுக்குக் காவல் படுத்தவர் எந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்?

2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கான பயிற்சியின்போது ஒரு நாய் தடத்துக்குள் ஓடி வந்துவிட்டது. சிவப்புக் கொடி காட்டி எல்லாக் கார்களையும் நிறுத்தினார்கள். நாய்க்குக் கிடைத்த அந்தச் சிவப்புக் கொடியைத் தஞ்சாவூர் பைபாஸில் மனிதனுக்கு யார் காட்டுவார்கள்?

இந்த ஆத்திரத்தில் அரசையும் விட மனம் வரவில்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடத்தினார்கள். பொதுச் சாலையில் வேகம் காட்ட வேண்டுமென்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது அரசுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. சாலையை மூடினார்கள், கான்கிரீட் தடுப்பு வைத்தார்கள், சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் சான்றுக்காக உயர் நீதிமன்றத்தில் அவகாசம் கேட்டுக் காத்திருந்தார்கள். அதே அரசுகளுக்கு, எந்தக் கட்சி வந்தாலும், டெல்டாவில் ஊருக்கொரு சிமென்ட் களம் போதுமான அளவில் கட்டித்தர மட்டும் கை வருவதில்லை. கொள்முதல் நிலையத்துக்கு வெளியே மூட்டைகள் நனைந்து முளைவிடுவதை வருஷா வருஷம் பார்க்கிறோம். களம் கட்டியிருந்தால் நெல் சாலைக்கு வந்திருக்காது. விவசாயி சாலையில் படுத்திருக்க மாட்டார். அவரைத்தான் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று பேசுகிறார்கள், ஸ்பீடோமீட்டரைப் படம் பிடித்து ரீல்ஸ் போடுகிறவனை மாவீரன் என்கிறார்கள். இந்தியாவில் 2022 இல் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகமே சொல்கிறது. அந்தக் கணக்கைப் படித்த பிறகும் பிள்ளையின் ரீல்ஸுக்கு ஹார்ட் போடுகிற அப்பாக்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189 ஆம் பிரிவு பந்தயத்தை மட்டும் சொல்லவில்லை. மாநில அரசின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பொது இடத்தில் வாகனங்களுக்கிடையே எந்த விதமான வேகச் சோதனை செய்வதும் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு மூன்று மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் ஒரு வருஷம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். தனியாக ஓட்டினவன் "சும்மா லிமிட் பாத்தேன்" என்பதும் தப்பிக்கும் வழி ஆகாது, ஆபத்தாக ஓட்டியதை ஒப்புக்கொள்வதுதான். ஆள் செத்த பிறகு போடும் வழக்கு போதாது. ஓட்டினவனே ரீல்ஸில் சாட்சி சொல்லியிருக்கும்போது, அடிபட்ட உடம்பு கிடைக்கும்வரை போலீஸ் ஏன் காத்திருக்க வேண்டும்?

கார்ப் பிரியர்களை நான் வெறுக்கவில்லை. நல்ல இயந்திரத்தை நன்றாக ஓட்டத் தெரிந்துகொள்ளும் ஆசை நியாயமான ஆசை. அதற்கு இருங்காட்டுக்கோட்டைக்குப் போ, செட்டிப்பாளையத்துக்குப் போ, சொல்லித்தர ஆளோடு ஓட்டு, சுழன்றால் மணலில் போய் நில். தூரமாக இருக்கிறதென்றால் பக்கத்தில் கேள். தஞ்சாவூரின் பழைய ஓடுதளம் விமானப் படையிடம் இருக்கிறது, அங்கே 2020 முதல் சுகோய் விமானங்கள் நிற்கின்றன, அது கிடைக்காது. செட்டிநாட்டில் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் தடுப்பும் ஆம்புலன்ஸும் வைத்துத் தாருங்கள் என்று மனு எழுதுங்கள். அதில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். இரண்டாவது மனு ஊர்தோறும் களம் கேட்டு. அதில் நீங்கள் போடுங்கள், மாப்பிள்ளை.