நெடுந்தூர ஓட்டத்தைத் தொழிலாக மதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
நெடுந்தூர ஓட்ட வீரர், வீராங்கனையர் சங்கம்,
புதுக்கோட்டை.

பெறுநர்:
உயர்திரு உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்,
சென்னை.

பொருள்: சாலை ஓட்டங்களை முறைப்படுத்துதல், பரிசுத்தொகைக்குப் பாதுகாப்பு, ஓய்வூதிய வயதுத் தளர்வு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2017இல் புவனேஸ்வரில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர் புதுக்கோட்டை மாவட்டத்து ஜி. லட்சுமணன். அதற்கு முந்தைய ஆண்டு குவாஹாட்டி தெற்காசிய விளையாட்டில் அதே இரு தூரங்களிலும் தங்கம் வென்ற எல். சூர்யாவுக்கும் இதே மாவட்டம்தான். அடுத்து நடந்ததும் ஊரறிந்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் 10,000 மீட்டரில் லட்சுமணன் மூன்றாவதாக வந்தார். முந்திச் சென்றபோது கால் ஓடுதளத்தின் உள்விளிம்பைத் தாண்டிப் பட்டதாகக் கூறி, பதக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 25 சுற்று ஓடிய உழைப்பு ஓர் எட்டில் போயிற்று.

விதி விதிதான், அதைச் சங்கம் குறை சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு நிலையற்ற ஒரு பிழைப்புக்குக் கீழே பிடிமானமாக எதுவுமே இல்லை என்பதுதான் இம்மனுவின் சாரம்.

லட்சுமணனும், அதே 2017இல் சீனாவின் டோங்குவானில் ஆசிய மாரத்தான் பட்டம் வென்ற கேரளத்தின் கோபி தோனக்கலும் ராணுவத்தில் இருந்தபடி ஓடியவர்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். சீருடை கிடைக்காதவர்களின் கதை வேறு. விடியற்காலை நாலரை மணிக்குப் பைபாஸ் சாலையில், எதிரே வரும் லாரியின் விளக்கு கண்ணைக் கூச, வெள்ளைக் கோட்டை ஒட்டியே ஓடுகிறார்கள். வாரத்துக்கு 150 கிலோமீட்டர் என்பது இவர்களுக்குச் சாதாரணம். கால் பெருவிரல் நகம் கறுத்து, கழன்று, மறுபடி முளைக்கும். கார்பன் தகடு வைத்த பந்தயக் காலணி ஒரு ஜோடி இருபதாயிரம் ரூபாயைத் தொடுகிறது; அதன் ஆயுளோ சில நூறு கிலோமீட்டர்தான்.

இந்தச் செலவுக்கு வழி, கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் ஊரூராக நடக்கும் ‘கேஷ் பிரைஸ்’ ஓட்டங்கள். சனிக்கிழமை இரவு பஸ் ஏறி, ஞாயிறு காலை ஓடி, மதியமே திரும்பிவிடுவார்கள். ஃபிளெக்ஸில் அச்சிட்ட தொகை ஒன்றாகவும் கைக்கு வருவது வேறாகவும் இருப்பதுண்டு. “அடுத்த வாரம் வாங்க” என்ற பதில் மாதக்கணக்கில் நீள்வதும் உண்டு. சாலையில் ஓட்டம் நடத்தக் காவல்துறை அனுமதி வேண்டும் அல்லவா? அந்த அனுமதிக்கு முன்பாகவே, அறிவித்த பரிசுத்தொகை முழுவதையும் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் வைப்பாகச் செலுத்த வேண்டும் என்று விதி செய்யுமாறு சங்கம் கோருகிறது.

தூரத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் ‘மாரத்தான்’ என்றே பேனர் கட்டுகிறார்கள். மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர். அதையும் பைக் மீட்டரில் பார்த்து முடித்துவிட முடியாது. சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய மிதிவண்டியில், வளைவுகளில் ஓடக்கூடிய மிகக் குறுகிய பாதையைப் பின்பற்றி அளக்க வேண்டும். அப்படி அளந்த பின்னும், தூரம் குறைந்துவிடாதிருக்க கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்ப்பது உலக தடகள அமைப்பின் நடைமுறை. இப்படி அளக்காத சாலையில் எத்தனை வேகமாக ஓடினாலும் அந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அங்கீகாரமில்லாத ஓட்டத்தின் சான்றிதழ் அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் உதவாது. ஆகவே மாவட்டத்துக்கு ஒரு பாதையையாவது முறைப்படி அளந்து, அதில் ஆண்டுதோறும் அங்கீகாரம் பெற்ற ஓட்டம் ஒன்றை ஆணையமே நடத்த வேண்டும்.

அந்த ஓட்டத்தில் தண்ணீர் மேசைகளுக்கு ஆள் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. 2015இல் பெய்ஜிங் உலகப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் மாரத்தானை முடித்துத் தேசிய சாதனை படைத்தவர் ஓ.பி. ஜெய்ஷா. மறு ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 2 மணி 47 நிமிடத்துக்கு மேல் ஓடி, எல்லைக்கோட்டில் மயங்கி விழுந்தார். இந்திய அணியின் மேசைகளில் பானம் கொடுக்க ஆளில்லை என்றார் அவர். தடகள சம்மேளனம் அதை மறுத்தது. அந்த வழக்குக்குள் சங்கம் போகவில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அப்படியொரு வழக்கு எழவே கூடாது.

கடைசியாக, ஓய்வூதியம். நலிந்த முன்னாள் வீரர்களுக்கு அரசு மாதம் ரூ.6,000 வழங்குவதைச் சங்கம் நன்றியுடன் குறிப்பிடுகிறது. ஆனால் அதைப் பெற 58 வயது நிறைய வேண்டும். நெடுந்தூர ஓட்டக்காரரின் நல்ல காலம் 35ஐ ஒட்டி முடிந்துவிடுகிறது. இடையில் இருபது ஆண்டுக்கு மேல் என்ன செய்வது? 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடினார் சிவ்நாத் சிங். அந்தத் தேசிய சாதனையை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக யாராலும் அசைக்க முடியவில்லை. 2003இல் காலமானபோது அவருக்கு 58 ஆகவில்லை. பீகார்க்காரரான அவருக்கு நம் திட்டம் பொருந்தாது. வயதுக் கணக்கு பொருந்தும்.

எனவே ஓய்வூதிய வயதை நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 45ஆகத் தளர்த்தி, ஓய்வுபெற்றவர்களை அரசுப் பள்ளிகளிலும் ஆணைய விடுதிகளிலும் பயிற்றுநர்களாக நியமிக்கவும், மேற்கண்ட பிற கோரிக்கைகள் மீது அடுத்த ஓட்டப் பருவம் தொடங்கும் முன்பே ஆவன செய்து எழுத்து மூலம் பதில் அளிக்கவும் சங்கம் பணிவுடன் வேண்டுகிறது.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

நகல்: மாவட்ட ஆட்சியர், மாவட்ட விளையாட்டு அலுவலர், புதுக்கோட்டை.