தட்டில் செத்த செல் மருந்துக்குச் சான்றாகாது

ஆய்வகத் தட்டில் மூலிகைச் சாறு புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது என்ற செய்திகளுக்குப் பஞ்சமில்லை. திண்டுக்கல் சிறுமலை அடிவாரத்தில் வாழும் நமக்கு அவை கூடுதலாகவே இனிக்கும். முப்பரிமாணத்தில் வளர்த்த செல்லில் சோதித்தார்களா என்று கேட்டால், “அது ரோபோ வைத்திருக்கும் பணக்கார நாட்டு வேலை; நமக்குத் தட்டே போதும்” என்கிறார்கள். இந்தப் பதிலைப் பிரித்துப் பார்ப்போம்.

“தட்டே போதும்.” போதாது. தட்டில் செல்கள் ஒற்றை அடுக்காகப் பரவுவதால் எல்லாவற்றுக்கும் மருந்து நேரடியாகப் போய்ச் சேர்கிறது. உடலில் உள்ள கட்டியில், ரத்தக் குழாயிலிருந்து 200 மைக்ரான் தள்ளிப்போனாலே ஆக்சிஜன் வற்றிவிடும். அங்கே பல செல்கள் பிரியாமல் கிடக்கும். பிரியும் செல்லைத் தாக்கும் மருந்து அவற்றிடம் தோற்கும். செல்களை உருண்டையாகத் திரட்டி வளர்த்தால் இதே நெருக்கடி ஆய்வகத்திலேயே உருவாகும். தட்டில் உள்ள செல்லை ப்ளீச்சிங் பவுடர் கரைசலும்தான் கொல்லும், அதை மருந்தென்போமா?

“ஆள்கூலி குறைவு, கையாலேயே செய்யலாம்.” சிக்கல் கூலியில் இல்லை, சீர்மையில். செல்லுக்குத் தாங்கலாக இடும் மேட்ரிஜெல் பனிக்கட்டிமேல் திரவமாக இருக்கும், சூடேறினால் கெட்டிப்படும். சோதனைப் பலகையின் 384 சிறு குழிகளில் கையால் இட்டு முடிப்பதற்குள் அதன் பதம் மாறும், உருண்டையின் அளவும் மாறும். பிறகு மருந்தின் விளைவு எது, கையின் பிசகு எது என்று பிரிக்க முடியாது. குளிர்மேடையில் ஒரே வேகத்தில் ஊற்றும் இயந்திரம் அந்தக் குழப்பத்தைக் குறைக்கிறது. எதைச் சோதிப்பது, விடையை எப்படிப் படிப்பது என்பது அப்போதும் ஆய்வாளர் வேலைதான்.

“செலவு தாங்காது.” தொடக்கத்துக்கு ரோபோ வேண்டாம். தட்டின் மூடியில் செல் கலந்த துளிகளை இட்டுக் கவிழ்த்துத் தொங்கவிட்டாலே செல்கள் உருண்டையாகத் திரளும். அகரோஸ் பூசிய குழியிலும் திரளும். நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் சலிக்கும்போதுதான் இயந்திரம் தேவை. அதையும் ஊருக்கொன்று வாங்க வேண்டியதில்லை. காந்திகிராமப் பல்கலைக்கழகம், திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி, மதுரை ஆய்வகங்கள் எல்லாம் பகிர்ந்துகொள்ள ஒன்று போதும்.

“அரசு விதி இதை ஏற்காது.” ஏற்றுவிட்டது. புதிய மருந்துகள் விதிகளில் 2023 மார்ச்சில் வந்த திருத்தம், விலங்குச் சோதனைக்கு மாற்றாக ஆர்கனாய்டு (உறுப்பைப் போல முப்பரிமாணத்தில் வளர்த்த செல்திரள்) போன்ற முறைகளுக்கு இந்தியாவில் இடம் தந்திருக்கிறது.

முப்பரிமாணம் முழு உடலாகிவிடாது. இந்த உருண்டைகளில் பொதுவாக ரத்த ஓட்டமோ நோயெதிர்ப்போ இல்லை. மனிதரிடம் நடத்தும் சோதனை கட்டாயம் வேண்டும். ஆனால், குடல், இரைப்பைப் புற்றுநோயாளிகளின் கட்டியிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டுகளை வைத்து லண்டன் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. ஆர்கனாய்டில் பலிக்காத மருந்து நோயாளியிடமும் பலிக்கவில்லை. பலிக்கும் என்ற கணிப்பு 88 விழுக்காடு சரியாக இருந்தது.

அடுத்த முறை “செல்லைக் கொன்றது” என்று படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: தட்டிலா, உருண்டையிலா? எவ்வளவு செறிவில்? எத்தனை முறை அதே விடை வந்தது? பதில் இல்லையென்றால் அந்தச் செய்தியை நம்பி யாரும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம்.