பழுது கணினியிலா, கம்பியிலா?

அல்லைப்பிட்டியிலிருந்து யாழ்ப்பாண நகருக்குத் தரைவழியாகச் செல்வதானால் பண்ணைத் தாம்போதியைத் தவிர வேறு பாதை கிடையாது. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை மக்களுக்கும், குறிகாட்டுவானில் வந்திறங்கும் நயினாதீவு, நெடுந்தீவு மக்களுக்கும் இதுவே வழி. வைத்தியசாலைக்குப் போகும் நோயாளியும் சந்தைக்குப் போகும் மீனும் இந்த ஒற்றை வீதியையே நம்பியிருக்கின்றன. இவ்வாறான இடத்தில் ஒரு வான் நின்றுபோனால் அதனால் தடுமாறுவது அதன் சொந்தக்காரர் மட்டுமல்ல. ஆகவே வாகனத்திற்குள் இருக்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எம்மிடமுள்ள வான் யப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்தது. சென்ற ஆண்டு அது தாம்போதியின் நடுவில் திடீரென நின்றது. சிறிது நேரம் கழித்து இயங்கியது. மறுநாள் மீண்டும் நின்றது. நகரிலுள்ள ஒரு கராஜில் காட்டினோம். ஸ்கானரைச் செருகிப் பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சென்சர்கள் பழுது என்று அது காட்டியது. “நாலும் ஒரேயடியாப் பழுதாகாது, கொம்பியூட்டர் போட்டுது” என்றார்கள். பாவித்த பெட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் பூட்டினார்கள். எமது சாரதியின் இரண்டு மாதச் சம்பளத்திற்கு மேல் முடிந்தது. மூன்று வாரம் வான் நன்றாக ஓடியது. பின்பு அதே தாம்போதியில், அதே விதமாக நின்றது.

இம்முறை பார்க்க வந்தவர் அல்லைப்பிட்டி இளைஞர் ஒருவர். அவர் கையில் ஒரு மல்ரிமீற்றர் மட்டுமே இருந்தது. இயந்திரத்தை இயக்கி, விளக்குகளையும் போட்டுவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மறை முனையிலும் மற்றதைக் கணினிப் பெட்டியின் ஏர்த் கம்பியிலும் வைத்தார். அங்கே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது. காட்டினாலும் ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்கு, இரு பங்கு. மீற்றரோ ஒன்றரை வோல்ற்றுக்கு மேல் காட்டியது. “அண்ணை, பெட்டியில பிழையில்லை. இதைப் பாருங்கோ” என்று சாரதியைக் கூப்பிட்டு, இயந்திரத்தின் உடலோடு ஏர்த் கம்பி பூட்டப்பட்ட ஆணியைக் கழற்றிக் காட்டினார். கம்பியின் முனை பச்சை நிறமாக உளுத்துப்போயிருந்தது. அரத்தாளால் தேய்த்து, புது முனை போட்டு, கிறீஸ் பூசி இறுக்கினார். பழைய பெட்டியை மீண்டும் பூட்டி ஓட்டிப் பார்த்தோம். அதில் எந்தக் குறையுமில்லை.

அப்படியானால் புதிய பெட்டி போட்டதும் மூன்று வாரம் ஓடியது எப்படி? பெட்டியைக் கழற்றிப் பூட்டும்போது செருகிகளும் கம்பிகளும் அசைந்து, உப்புப் பிடித்த இடங்கள் சற்றே உரசுப்பட்டு, தற்காலிகமாகத் தொடுகை கிடைத்திருக்கின்றது. வைத்தியர் மாறியதால் நோய் மாறியது என்று நாம் நம்பிவிட்டோம்.

நான்கு சென்சர்கள் ஒரேயடியாகப் பழுதாகா என்று கராஜில் சொன்னது சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் அவசரமானது. சென்சர்கள் பலவற்றுக்கும் பெட்டியிலிருந்து போவது ஒரே ஐந்து வோல்ற் மின். அவை திரும்பி வருவதும் பொதுவான ஏர்த் வழியாகத்தான். பொது வழி கெட்டால் எல்லாச் சென்சரும் பொய் சொல்லும். சில வேளைகளில் ஒரேயொரு சென்சர் உள்ளே சோர்ட்டாகி அந்த ஐந்து வோல்ற்றையும் விழுத்திவிடும். பெட்டியே செத்துவிட்டது போலத் தோன்றும். சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எதைக் கழற்றும்போது வோல்ற் திரும்புகின்றதோ அதுதான் குற்றவாளி. பற்றரி சோர்ந்திருந்தாலும், பியூஸோ றிலேயோ ஒழுங்காகத் தொடுக்காவிட்டாலும் இதே கூத்துத்தான். இவையெல்லாம் பார்த்து முடிந்த பின்பே பெட்டியில் கை வைக்க வேண்டும்.

பெட்டி பழுதாவதே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1990களில் வந்த பல வாகனங்களின் பெட்டிகளுக்குள் உள்ள மின்தேக்கிகள் காலப்போக்கில் கசிந்து பலகையை அரித்துவிடுகின்றன. வெள்ளம் புகுந்தாலும் கெடும். தீவகத்தில் இன்னொரு காரணமும் உண்டு. உப்புக் காற்றால் துருப்பிடித்த தகரத்தை ஒட்டுவதற்கு நாம் அடிக்கடி வெல்டிங் செய்விக்கிறோம். பற்றரியையும் பெட்டியின் செருகியையும் கழற்றாமல் வெல்டிங் செய்தால் அந்த மின் பெட்டியைக் கொன்றுவிடலாம். உண்மையாகவே மாற்ற வேண்டி வந்தால், பெட்டியின் மேலுள்ள பாக இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். திருட்டுத் தடுப்புள்ள வாகனமாயின் புதிய பெட்டிக்குத் திறப்பையும் அறிமுகப்படுத்த வேண்டும்; அல்லாவிடில் இயந்திரம் இயங்காது. புதிய வகை டீசல் வாகனங்கள் சிலவற்றில் ஒவ்வொரு இன்ஜெக்ரரின் இலக்கத்தையும் பதிய வேண்டும். இவற்றைச் சொல்லாமல் பெட்டியை மட்டும் விற்பவரிடம் அவதானமாயிருங்கள்.

எமது மூத்த மெக்கானிக்குகள் திறமையில் குறைந்தவர்களல்லர். 1990 ஆனியில் போர் மீண்டும் தொடங்கிப் பெற்றோல் தடை செய்யப்பட்ட காலத்தில், ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் இவர்களே. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த ஆண்டு ஆவணியில் தீவகத்தை விட்டுக் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்த எமது மக்கள் பலர் அவ்வாகனங்களில் ஏறியவர்கள். காதால் கேட்டும் மணந்தும் பழுதைச் சொன்ன அந்தத் தலைமுறைக்கு, கண்ணுக்குத் தெரியாத ஐந்து வோல்ற் அந்நியமாகவே இருக்கின்றது. (எமது கடற்றொழிலாளரின் மண்ணெண்ணெய் இயந்திரங்களில் இன்றும் கணினி இல்லை. அந்த வகையில் படகு வானைவிடப் பாக்கியம் செய்தது.)

கணினியை நாம் வெறுக்கவும் தேவையில்லை. எரிபொருளை அளந்து விட்டுச் செலவையும் புகையையும் குறைப்பது அதுவே. 2022இல் கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்திற்கு அளந்து எரிபொருள் பெற்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2020 பங்குனியில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 மாசியிலேயே திறக்கப்பட்டது. ஆகவே எமது வீதிகளில் ஓடுபவை வயது போன வாகனங்கள். இனிப் பழுதுகள் கூடுமே தவிரக் குறையா.

எமது அபிப்பிராயம் இதுதான். பெட்டி பழுது என்று சொல்லும் கராஜ், எந்தெந்த இடத்தில் எத்தனை வோல்ற் இருந்தது என்பதைத் துண்டில் எழுதித் தர வேண்டும். எழுதித் தர மறுத்தால் வாகனத்தை எடுத்துக்கொண்டு வருவதே நல்லது. ஸ்கானர் சொல்வது எங்கே தேட வேண்டும் என்பதை. எதை வாங்க வேண்டும் என்பதையல்ல. 1996 முதல் ஐக்கிய அமெரிக்காவிலும், 2001 முதல் ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கும் ஒரே வகைச் செருகி கட்டாயமாக்கப்பட்டது. அதனால் மலிவான ஸ்கானரே பல வாகனங்களுக்குப் போதும். பழைய யப்பான் வாகனங்களிலோ நிறுவனத்துக்கு ஒரு செருகி. அவற்றுக்கு மீற்றரும் வயர் வரைபடமும்தான் துணை.

அந்த வரைபடங்கள் எங்கே? நிறுவனங்கள் இலகுவில் தருவதில்லை, கிடைப்பவையும் ஆங்கிலத்தில். இது எமக்கு மட்டுமுள்ள வழக்கல்ல. 2012இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநில மக்கள் வாகனத் திருத்தத் தகவல்களைத் தனியார் கராஜ்களுக்கும் தர வேண்டுமென வாக்களித்தார்கள். 2023 தை மாதத்தில் உழவு இயந்திரங்கள் செய்யும் ஜோன் டியர் நிறுவனம் அந்நாட்டு விவசாயிகள் சம்மேளனத்துடன் இது பற்றி உடன்பாடு செய்தது. இறக்குமதியாளரிடம் இதைக் கேட்க எமக்கும் உரிமை உண்டு, கேட்கத்தான் ஆளில்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டக் கற்பிப்பதோடு நில்லாது, வரைபடம் பார்க்கவும் மீற்றர் பிடிக்கவும் தமிழில் கற்பிக்க வேண்டும். நல்ல மீற்றர் ஒன்றின் விலை ஒரு ரயரின் விலையிலும் குறைவு. தீவகத்தில் ஊருக்கு ஒரு பொடியன் இதில் தேர்ந்தால் போதும். அவன் கொழும்புக்கோ கனடாவுக்கோ போகாமலிருக்க, சோதித்துச் சொன்னதற்கே கூலி கொடுக்கும் பழக்கம் எமக்கு வர வேண்டும். இப்போது நாம் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், மூளைக்குக் கொடுப்பதில்லை. அந்த இளைஞருக்கு நாம் முதலில் நீட்டியதும் ஒரு சோடாவைத்தான் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

எமது சாரதி இப்போது மாதத்திற்கு ஒரு தடவை ஏர்த் ஆணியைக் கழற்றித் துடைத்துக் கிறீஸ் பூசுகின்றார். கொழும்பிலிருந்து வந்த பெட்டி நல்ல நிலையில் எமது அலுமாரியில் கிடக்கின்றது. அதே பாக இலக்கமுள்ள பெட்டி வேண்டியவர்கள், முதலில் தமது ஏர்த் கம்பியைப் பார்த்துவிட்டு, எமக்கு எழுதலாம்.