முதுமைக்கு ஒரு வாடகை வீடு

சிக்கந்தராபாத்தின் வடகிழக்கே, நேரேட்மெட்டுக்கும் ஏ.எஸ். ராவ் நகருக்கும் அணித்தாக அமைந்திருக்கும் சைனிக்புரி, ராணுவ சேவையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பிற்காலத்தை நிம்மதியாகக் கழிப்பதற்கென்று உருவான குடியிருப்பு. தேசத்தின் நாலா திசைகளிலும் இடம் மாறி இடம் மாறிப் பணியாற்றிய அதிகாரிகள், கடைசியில் ஓரிடத்தில் வேரூன்ற விரும்பி, பல நூறு கஜ மனைகளில் தோட்டம் சூழ்ந்த வீடுகளைக் கட்டிக்கொண்டு அங்கே குடியேறினார்கள். அடுத்தாற்போல் விமானப் படையினரின் வாயுபுரியும் எழுந்தது. அன்று ஐம்பதைத் தாண்டியிராதவர்கள் இன்று எண்பதையும் தொண்ணூறையும் எட்டியிருக்கிறார்கள். பலர் காலமாகி, அவர்களுடைய மனைவிமார் மட்டுமே எஞ்சியிருக்கிறார்கள். பிள்ளைகள் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ, மிகவும் அருகிலிருந்தால் நகரத்தின் மறுகோடியான கச்சிபௌலியிலோ உத்தியோகம் பார்க்கிறார்கள். வீடுகளில் சில இடிக்கப்பட்டு அடுக்கு மாடிகளாயின. சில காபிக் கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறின. மிச்சமிருப்பவற்றில், நான்கு படுக்கையறைகளுக்கு ஒரே மனுஷியாக ஒரு மூதாட்டி வாழ்ந்துகொண்டிருக்கும் வீடுகளும் உண்டு.

இது ஏதோ தெலங்கானாவின் விவகாரம் என்று தமிழ் வாசகர்கள் ஒதுக்கிவிடுவதற்கில்லை. 1806-இல் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயர் சூட்டப்பெற்ற அந்தப் பட்டாளத்து நகரத்துக்குச் சென்னை ராணுவத்தை ஒட்டிச் சென்று குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் சந்ததியார் இன்றும் அங்கே இருக்கிறார்கள் என்பது ஒருபுறமிருக்க, மயிலாப்பூரிலும் ஸ்ரீரங்கத்திலும் கோயம்புத்தூரின் பழைய குடியிருப்புகளிலும் நாம் காண்பது இதே காட்சிதான். நம் நாட்டு முதியோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் தனியாகவோ, கணவனும் மனைவியுமாக இருவர் மட்டுமோ வாழ்கிறார்கள் என்பதை 2017-18-இல் மத்திய அரசு நடத்திய முதியோர் ஆய்வு எடுத்துக்காட்டியது. கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசிக்கொண்டே இந்த உண்மையைக் காணாமலிருப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது.

சொந்த வீடு என்பது நடுவயதின் கவலையைத் தீர்க்கும் சாதனம். முதுமையிலோ அந்த வீடே ஒரு கவலையாக மாறிவிடுகிறது என்பதே என் அபிப்பிராயம். ராணுவத்திலும் சரி, மற்ற சர்க்கார் உத்தியோகங்களிலும் சரி, பழைய ஓய்வூதிய முறைப்படி ஓய்வூதியம் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. ஓய்வூதியம் பெற்றவர் காலமான பின் மனைவிக்குக் கிடைக்கும் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், உயர்ந்த விகிதத்துக்குரிய சில ஆண்டுகள் கழிந்ததும், அதே சம்பளத்தில் 30 சதவீதம். ஆக, வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு மறைந்துவிடுகிறது. ஆனால் சொத்து வரியும், காவற்காரனின் கூலியும், ஒழுகும் மாடிக்குச் செய்ய வேண்டிய செப்பனிடும் வேலையும் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடுவதில்லை. கோடிக்கணக்கில் விலை பெறும் மனையின்மேல் உட்கார்ந்துகொண்டு மாதக் கடைசியில் மருந்துக் கடைக்குக் கணக்குப் பார்க்கும் இந்த விசித்திரமான வறுமைக்குப் பரிகாரமாக, வீட்டை ஈடாக வைத்து வங்கியிடமிருந்து மாதந்தோறும் பணம் பெறும் மறு அடமானத் திட்டம் 2007-இல் கொண்டுவரப்பட்டது. அது மக்களிடையே பரவவில்லை. பரவியிருந்தாலும், குளியலறையில் வழுக்கி விழுந்தவரைத் தூக்கிவிடப் பணம் மட்டும் வந்து நிற்காது.

இந்த நிலையில் ஒரு முதியவருக்கு இன்று திறந்திருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று முதியோர் இல்லம். அங்கே சோறும் பாதுகாப்பும் கிடைக்கும். ஆனால் எப்போது எழுவது, எதைச் சாப்பிடுவது, யாரோடு அறையைப் பகிர்ந்துகொள்வது என்பவற்றைப் பிறர் தீர்மானிப்பார்கள். கைகால் நன்றாக இயங்கும் ஒருவர், சந்தடியற்ற ஒரு வீட்டுக்கும் சமயத்தில் ஒரு துணைக்குமாகத் தம் சுயாதீனம் முழுவதையும் விலையாகக் கொடுக்க நேர்வது அநியாயம். மற்றொன்று, கோயம்புத்தூரைச் சுற்றிலும் புனேயிலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பெருகிவரும் ஓய்வுக்காலக் குடியிருப்புகள். சாய்தளம், கைப்பிடி, பொதுச் சமையற்கூடம், அவசர மணி என்று அவை சிந்தித்துக் கட்டப்பட்டவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை விற்பனைக்கு உரியவை. எண்பது வயதில் ஒருவர் தம் சேமிப்பையெல்லாம் திரட்டி மீண்டும் ஒரு வீட்டை வாங்கிப் பத்திரம் பதிந்து, பிடிக்காவிட்டால் விற்பதற்கு ஆள் தேடி, இறந்த பின் பிள்ளைகளுக்கு மற்றொரு விற்பனைத் தொல்லையையும் விட்டுச்செல்ல வேண்டும் என்பது என்ன நியாயம்?

சட்டமும் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பவர்களை நினைத்துப் பார்க்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்களின் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாகவேனும் குறைந்தது 150 பேர் தங்கத்தக்க முதியோர் இல்லங்களை மாநில அரசுகள் படிப்படியாக அமைக்கலாம் என்கிறது. அவை ஆதரவற்ற ஏழைகளுக்கு உரியவை. ஏழைக்கு இல்லம், செல்வருக்கு வில்லா என்ற இந்த ஏற்பாட்டில், ஒரு சுபேதாரின் விதவைக்கும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியருக்கும் இடமில்லை.

அவர்களுக்கு வேண்டியது வாடகை வீடு. ஆனால் வெறும் வாடகை வீடன்று. தனிக் கதவும் தனிச் சாவியும், காபி போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு சிறு சமையலறையும் உடைய ஒற்றைப் படுக்கையறை வீடுகள் பத்தோ பன்னிரண்டோ ஒரே கூரையின் கீழ் அமைய வேண்டும். வாசலில் படி இருக்கலாகாது. குளியலறையில் கைப்பிடியும், கட்டிலருகே இழுத்தால் ஒலிக்கும் மணியும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கேயே குடியிருந்து, தினம் காலையில் ஒவ்வொரு கதவையும் ஒரு முறை தட்டி நலம் விசாரித்து, குழாய் ரிப்பேர்க்காரனையும் ஆம்புலன்ஸையும் அழைக்கத் தெரிந்த பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். மற்ற விஷயங்களில் அவர் தலையிடலாகாது. முதியவர் அங்கே நோயாளியுமல்லர், விருந்தாளியுமல்லர். வாடகை கொடுத்துக் குடியிருக்கும் பிரஜை.

இது ராணுவத்தாருக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய ஏற்பாடும் அன்று. அவர்கள் தங்கள் சேவைக் காலம் முழுவதும் வாழ்ந்தது சொந்தமில்லாத குவார்ட்டர்ஸில்தானே! கூரை ஒழுகினால் ராணுவப் பொறியியல் சேவையான எம்.இ.எஸ்.ஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள். காய்ச்சல் வந்தால் நடந்து போகும் தூரத்தில் எம்.ஐ. ரூம் என்ற மருத்துவப் பரிசோதனை அறை இருந்தது; மளிகைக்குக் கான்டீன் இருந்தது; கணவர் எல்லையில் இருந்த மாதங்களில் மனைவியின் க்ஷேமத்தை விசாரிக்கப் பக்கத்து வீடுகள் இருந்தன. அந்த வீடு தமக்குச் சொந்தமில்லை என்பதால் அவர்களுடைய கௌரவம் எள்ளளவும் குறையவில்லை. நாற்பது வயதில் திடகாத்திரமாக இருந்தபோது கிடைத்த இத்தனை சௌகரியங்களும், எண்பது வயதில், மெய்யாகவே தேவைப்படும்போது மறைந்துபோவது நம் ஏற்பாடுகளின் தலைகீழான தன்மையைக் காட்டுகிறது.

பிற தேசங்கள் இதில் அடைந்த அனுபவம் நமக்குப் பயன்படும். இங்கிலாந்தில் பீட்டர் டவுன்சென்ட் என்ற சமூகவியல் அறிஞர், முதியோர் விடுதிகளை நேரில் ஆராய்ந்து 1962-இல் வெளியிட்ட நூலில், விடுதி வாழ்க்கை மனிதரின் தன்னுரிமையை எப்படி அழிக்கிறது என்பதை விளக்கி, அதற்குப் பதிலாகக் காப்பாளருடன் கூடிய சிறு வீடுகள் பெருக வேண்டும் என்று வாதாடினார். உள்ளாட்சி மன்றங்கள் அத்தகைய வாடகை வீடுகளை ஏராளமாகக் கட்டின. 1969-இல் அவற்றுக்கென்று அரசாங்கமே தரவரையறைகளை வெளியிட்டது. பிற்காலத்தில் செலவைக் குறைக்க வேண்டி, உடனுறையும் காப்பாளர்களைப் பல இடங்களில் விலக்கிவிட்டு, எப்போதாவது வந்து போகும் ஊழியரையும் தொலைபேசி மணியையும் நம்பத் தொடங்கியபோது, அந்த வீடுகளுக்குச் சாதாரண வீடுகளிலிருந்து வேற்றுமை இல்லாமற்போயிற்று. கட்டடத்தை வைத்துக்கொண்டு மனிதரை நீக்கினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்பதே இதன் பாடம்.

ஜப்பான் 2011-இல் தன் சட்டத்தைத் திருத்தி, சேவையுடன் கூடிய முதியோர் வாடகை வீடு என்ற ஒரு பதிவு முறையையே ஏற்படுத்தியது. ஒரு வீட்டின் பரப்பு பொதுவாக 25 சதுர மீட்டருக்குக் குறையலாகாது; தினந்தோறும் குடியிருப்பவரின் நலத்தை விசாரிப்பதும், அவருடைய கஷ்டங்களுக்கு ஆலோசனை சொல்வதும் கட்டாயம்; முன்பணம், வாடகை, சேவைக் கட்டணம் ஆகியவை தவிர வேறு எந்தப் பெயரிலும் பணம் வசூலிக்கக் கூடாது; நீண்ட நாள் மருத்துவமனையில் இருந்தார் என்பதைக் காரணமாகக் காட்டி ஒருவரை வெளியேற்ற முடியாது. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இந்த முறையில் பதிவாகியிருக்கின்றன. இந்த நிபந்தனைகளில் ஆடம்பரமானது எதுவுமில்லை. முதியவரின் பயங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து எழுதப்பட்டவை அவை.

நம் நாட்டில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதத்துக்கு உரியது. பன்னிரண்டாவது மாதத்தில் மூட்டை கட்ட நேருமோ என்ற அச்சம் இளைஞருக்கு ஒரு தொல்லை. எண்பது வயதினருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் நோய். 2021-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்ற நல்ல விதியைச் சொல்கிறது. முதியோருக்கென்று தனி அத்தியாயம் அதில் இல்லை. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி நெறிமுறைகளோ, வாங்குபவரின் பாதுகாப்பையே பெரிதும் கருதியவை. ஆயுட்காலம் வரை குடியிருக்கும் உரிமையையும், ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் வாடகை ஏறாது என்ற உறுதியையும், பொறுப்பாளர் இல்லாத நாளுக்கு வாடகைக் கழிவையும் எழுதி வைக்கும் சட்டம் ஒன்றைத் தெலங்கானாவோ தமிழ்நாடோ முதலில் கொண்டுவரலாம்.

அதற்கு வேண்டிய கட்டடங்களைத் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. சைனிக்புரியின் பழைய பங்களாக்களைக் காபிக் கடைக்கு விடுவதற்குப் பதிலாக இப்படிப்பட்ட வாடகைக் குடியிருப்பாக மாற்றும் சொந்தக்காரருக்குச் சொத்து வரியில் சலுகை தரலாம். வீட்டுக்கார அம்மாளே கீழ்த்தளத்தில் ஒரு பகுதியில் இருந்துகொண்டு, மற்றப் பகுதிகளின் வாடகையில் தன் ஜீவனத்தை நடத்தலாம். பழகிய தெருவும் மருந்துக் கடையும் சிநேகிதர்களும் மாறாமல் இருப்பார்கள். 1978 முதல் ராணுவத்தினருக்கு வீடுகள் கட்டி வழங்கிவரும் ராணுவ நல வீட்டுவசதி அமைப்பு, தன் புதிய திட்டங்களில் ஒரு பகுதியை விற்காமல் வாடகைக்கு வைத்துக்கொள்வது பற்றி ஆலோசிக்கலாம். பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் முதியோர் இல்லங்களில் மாதம் 25,000 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு 2018 முதல் ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது, இத்தகைய குடியிருப்புகளின் சேவைக் கட்டணத்துக்கும் அதை விரிவுபடுத்துவதில் தடை எதுவும் தெரியவில்லை.

ஆட்சேபங்கள் எழாமல் இரா. பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமையல்லவா என்பது முதலாவது. கடமைதான், ஆனால் டல்லாஸிலிருந்து தினமும் தொலைபேசியில் கெஞ்சும் மகனைக் காட்டிலும், தாய் பத்திரமாக இருக்கிறாள் என்ற நிம்மதியோடு பேசும் மகன் அந்தக் கடமையை நன்றாகச் செய்கிறான். முதியோரை ஒதுக்கி ஒரு மூலையில் அடைப்பதாகாதா என்பது இரண்டாவது. ஊருக்கு வெளியே, வயல் நடுவே கட்டினால் அப்படித்தான் ஆகும். அதனால்தான், பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் அடுத்திருக்கும் சைனிக்புரியைப் போன்ற இடங்களில், பத்துப் பன்னிரண்டு வீடுகளாகச் சிறிய அளவில் அமைய வேண்டும் என்கிறேன். முதியோருக்கான 14567 என்ற தொலைபேசி உதவி இருக்கிறதே என்பாரும் உண்டு. 2017-இல் இதே ஹைதராபாத்தில் ஒரு தொண்டு முயற்சியாகத் தொடங்கிப் பின்பு தேசம் முழுவதற்கும் விரிந்த அருமையான ஏற்பாடு அது. ஆனால் தொலைபேசியை எட்டி எடுக்க முடியாதபடி விழுந்து கிடப்பவருக்கு அது என்ன செய்யும்?

மெய்யான வரம்பு ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. நினைவு தவறியவருக்கும் படுக்கையில் விழுந்தவருக்கும் இந்த ஏற்பாடு போதாது. அந்த நிலை வந்தால் எங்கே, யார் செலவில், எத்தனை நாள் அவகாசத்தோடு மாறுவது என்பதைக் குடிபுகும் நாளிலேயே ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிவிட வேண்டும். அதைச் சொல்லக் கூசும் வீட்டுக்காரர் இந்தப் பொறுப்பை ஏற்கத் தகுதியில்லாதவர்.

வீடுகளை உடைமையாக்கித் தருவதையே வீட்டுவசதிக் கொள்கை என்று அரை நூற்றாண்டாக எண்ணிவந்திருக்கிறோம். மக்கள் நீண்ட காலம் வாழத் தொடங்கிவிட்ட இந்த யுகத்தில் அந்த எண்ணம் போதாது. சைனிக்புரியின் ஒரு பங்களாவில், ஒரு வருஷ காலத்துக்கு, நம்பகமான ஒரு பொறுப்பாளரையும் நியாயமான ஓர் ஒப்பந்தத்தையும் வைத்துக்கொண்டு பரீட்சித்துப் பார்ப்பதற்குச் சட்டம்கூட வேண்டியதில்லை; அந்தக் குடியிருப்பின் நலச்சங்கமும், துணிந்த வீட்டுக்காரர் ஒருவரும் மனம் வைத்தால் போதும். அதில் கிடைக்கும் வரவு செலவுக் கணக்கும், குடியிருந்தவர்களின் வாக்குமூலமும், எந்தக் கமிட்டி அறிக்கையைக் காட்டிலும் சர்க்காரை அசைக்கும்.