கொழும்புக்குக் கேட்ட குரல் கொட்டப்பட்டுக்கு எட்டவில்லை!

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருச்சி ஜங்ஷனைக் கடந்து, புதுக்கோட்டை ரோட்டில் போனால் விமான நிலையம் வரும். அதன் பக்கத்தில்தான் கொட்டப்பட்டு அகதி முகாம் இருக்கிறது. பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் ஸ்ரீரங்கத்தில் ஓட்டு வாங்கி ராஜ்ய பாரம் நடத்தியவர்களுக்கு இந்தக் கொட்டப்பட்டு கொழும்பை விடத் தூரமாகிவிட்டது. ஏன் என்று கேட்கிறோம்.

2011ல் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று முதலமைச்சரானார் ஜெயலலிதா. அந்த ஆண்டு ஜூன் 8ந் தேதியே சட்டசபையில் தீர்மானம் வந்தது. இலங்கை மீது பொருளாதாரத் தடை போட வேண்டும் என்றது அது. 2013 மார்ச்சில் இன்னொரு தீர்மானம். இலங்கையை நட்பு நாடு என்று சொல்லாதே, தனி ஈழத்துக்கு வாக்கெடுப்பு நடத்து என்றது. நடுவில் 2012 செப்டம்பரில், சென்னைக்குப் பந்து விளையாட வந்த இலங்கைப் பள்ளிக்கூடப் பையன்களைத் திருப்பி அனுப்பி, ஆட இடம் கொடுத்த அதிகாரியை சஸ்பெண்டு செய்தார்கள். அதே வாரத்தில், மாதா கோயிலுக்கு வந்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்த இலங்கை யாத்ரீகர்களின் பஸ்கள் மீது நம் திருச்சியில், விமான நிலையம் போகும் வழியில் கல் விழுந்தது. எறிந்தவர்கள் வேறு ஆட்கள்தான். ஆனால் பந்து விளையாட வந்த பிள்ளைகளை விரட்டுவதை வீரம் என்று சர்க்காரே காட்டிக் கொடுத்த பிறகு, கல் எடுத்தவனை மட்டும் நொந்து என்ன பயன்?

இதே அம்மையார், 2009 ஜனவரியில் முள்ளிவாய்க்கால் நோக்கி ஜனங்கள் துரத்தப்பட்டபோது, யுத்தம் என்றால் பொதுமக்கள் சாவது நடப்பதுதான் என்ற பொருளில் பேசினார். ஏப்ரலில் தேர்தல் மேடை ஏறியதும் தனி ஈழம் என்றார். அதற்கு முந்திய கதையும் உண்டு. 1991ல் ஆட்சிக்கு வந்ததும் அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இருந்த ஒதுக்கீடு பறிபோனது. 1992ல் அகதிகளைத் திருப்பி அனுப்பும் வேலை தொடங்கியது. மறந்துவிட்டோம் என்று நினைத்தார்கள் போலும்.

நல்லது செய்ததைச் சொல்லாமல் விடுவது நம் வழக்கமல்ல. 2011ல் முகாம்களில் குடும்பத் தலைவருக்கு மாதம் 400 ரூபாயாக இருந்த உதவித்தொகையை 1000 ரூபாயாக்கினார். மற்றப் பெரியவர்களுக்கு 288லிருந்து 750, பிள்ளைகளுக்கு 180லிருந்து 400. அடுப்பு எரிய அது உதவியது. மறுக்கவில்லை. ஆனால் அகதி கேட்டது அது மட்டும்தானா?

கொட்டப்பட்டிலும் துவாக்குடிப் பக்கம் வாழவந்தான்கோட்டையிலும் இருப்பவர்கள் யார் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர்களும் மன்னார்க்காரர்களும் உண்டு. மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் உண்டு. இவர்களுடைய பாட்டன் பூட்டன் யார்? முசிறி, துறையூர் சீமையில் பண்ணையாளாகக் கிடந்து, கடனுக்கும் பஞ்சத்துக்கும் தப்ப கங்காணி பின்னால் போனவர்கள். இலங்கைத் தோட்ட முதலாளிகள் இங்கே ஆள் பிடிப்பதற்கென்றே 1904ல் ‘சிலோன் லேபர் கமிஷன்’ என்று ஒன்று வைத்தார்கள். அதன் தலைமை ஆபீஸ் எங்கே இருந்தது தெரியுமா? இதே திருச்சினாப்பள்ளியில்! நம் ஊரில் பெயர் பதிந்து, மண்டபத்தில் அடைத்துவைத்து, கடல் தாண்ட வைத்தார்கள். அப்போது எவனும் அவனை அந்நியன் என்று சொல்லவில்லை. கொழுந்து பறிக்கக் கை வேண்டியிருந்தது.

1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளி தன் ஆட்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினான். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு ஓட்டுப் போட்டான். கொழும்புச் சீமான்களுக்கு அது பொறுக்கவில்லை. 1948ல் பிரஜா உரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஓட்டும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் தில்லியில் உட்கார்ந்து, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். 1974ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி என்று பங்கு போட்டார்கள். மாட்டுச் சந்தையில் கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். இவர்களைக் கேட்ட ஆள் இல்லை.

பிறகு 1983 வந்தது. தீயும் கத்தியும் துரத்த, வள்ளம் ஏறி வந்தார்கள். 1984ல் தலைமன்னார் கப்பலும் நின்றுபோனது. ஒப்பந்தத்தின்படி முறையாக வரவேண்டியவர்களுக்கும் வழி அடைபட்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவனிடம் பாஸ்போர்ட் எங்கே, விசா எங்கே என்று தில்லி கேட்கிறது. இல்லையா, அப்படியானால் நீ சட்டவிரோதக் குடியேறி! 2003ல் சட்டத்தைத் திருத்தி, அத்தகையவர்களுக்கு அதன்பின் இங்கே பிறக்கும் பிள்ளைக்கும் பிரஜா உரிமை இல்லை என்றார்கள். திருச்சி ஆஸ்பத்திரியில் பிறந்து, திருச்சிப் பள்ளிக்கூடத்தில் படித்து, திருச்சியில் பெயிண்டு அடித்துப் பிழைக்கிறவன் எந்த நாட்டான்?

2019 ஜூன் 17ந் தேதி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதற்கு ஒரு பதில் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் முகாமில் இருந்த இந்திய வம்சாவளியினர் 65 பேர். கொட்டப்பட்டுக்காரர்களும் அதில் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மனிதர்களை நாடற்றவர்களாகக் கட்டுக்காவலில் வைத்திருப்பது உயிர் வாழும் உரிமைக்கே விரோதம் என்றார் நீதிபதி. விண்ணப்பத்தை வாங்கு, தில்லிக்கு அனுப்பு, 16 வாரத்தில் முடிவு சொல் என்றார்.

அதே ஆண்டு டிசம்பரில் தில்லி முடிவு சொன்னது. வேறு விதமாக! பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்தவர்களில் முஸ்லிம்களைத் தவிர்த்து மற்றவர்களுக்குக் குடியுரிமை என்று சட்டம் கொண்டுவந்தார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. இந்துவுக்காக உருகுகிறோம் என்றவர்களுக்கு, கொட்டப்பட்டில் கோயில் கட்டிக் கும்பிடுகிற இந்து கண்ணில் படவில்லை. முஸ்லிமும் வேண்டாம், தமிழனும் வேண்டாம்! மாநிலங்களவையில் ஆதரவு 125, எதிர்ப்பு 105. ஆதரித்த 125ல் அண்ணா தி.மு.க.வின் 11 ஓட்டும் அடக்கம். அந்தப் பதினொன்றை இந்தப் பக்கத்திலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வையுங்கள். 114க்கு 116. மசோதா செத்திருக்கும். ஈழம் ஈழம் என்று சட்டசபையில் தீர்மானம் போட்ட கட்சி, அகதிக்கு உதவும் ஒரே நாளில் கையை எந்தப் பக்கம் தூக்கியது என்று பாருங்கள். கேட்டபோது, இரட்டைக் குடியுரிமை கேட்போம் என்றார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் இல்லாத பண்டம் அது. ஒற்றைக்கே வழியைக் காணோம், இரட்டையாம்!

“குடியுரிமை தில்லியின் அதிகாரம், நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று சிலர் வருவார்கள். அப்படியா? பொருளாதாரத் தடை யார் அதிகாரம்? ஈழத்தில் வாக்கெடுப்பு யார் அதிகாரம்? அதற்கெல்லாம் சட்டசபையில் தீர்மானம் போடக் கை வந்தது. அந்தத் தீர்மானங்களில், நம் காலடியில் இருக்கும் அகதியைப் பிரஜையாக்கு என்ற ஒரு வரி மட்டும் எழுத வரவில்லை.

தி.மு.க.வுக்கும் இது பொருந்தும். 2021ல் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, முகாம்களில் 7469 வீடு கட்டுவதாகச் சொன்னதும், உதவித்தொகையைக் கூட்டியதும், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டதும் வரவேற்கத்தக்கவை. “அகதி முகாம்” என்ற பலகையை “மறுவாழ்வு முகாம்” என்று மாற்றினார்கள். சரி. ஆனால் 2004 முதல் 2013 வரை தில்லி மந்திரிசபையில் உட்கார்ந்திருந்தபோது அந்த 2003ம் ஆண்டுத் திருத்தத்தை ஏன் தொடவில்லை? பலகை மாற்றுவதற்கு முன்பே சட்டத்தை மாற்றியிருக்கலாமே.

மில் தொழிலாளியும் விவசாயக் கூலியும் இதை வேறு வீட்டு வழக்காக நினைக்க வேண்டாம். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்க வேண்டும். வெளியூர் வேலைக்குப் போய்த் தங்க அனுமதி வாங்க வேண்டும். சர்க்கார் வேலை இல்லை. இப்படிப்பட்டவன் காண்டிராக்டரிடம் கூலி உயர்வு கேட்பானா? கேட்டால் ஒரு போலீஸ் மனு போதும், அவன் வாயை அடைக்க. பயந்து கிடக்கும் ஒருவனைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொண்டு, அந்தக் கூலியைக் காட்டி உங்கள் கூலியையும் அமுக்குவது எந்த முதலாளிக்கும் தெரிந்த வித்தை.

2025 செப்டம்பரில் தில்லி ஒரு சலுகை தந்தது. 2015 ஜனவரி 9ந் தேதிக்கு முன் வந்து பதிவு செய்தவர்கள் மீது பாஸ்போர்ட் இல்லாத குற்றத்துக்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாதாம். ஜெயிலில் போட மாட்டோம் என்பது உரிமையா?

திரும்பிப் போக விரும்புகிறவர்கள் கௌரவமாகப் போகட்டும், வழிச்செலவு கொடுத்து அனுப்புங்கள். இருக்க விரும்புகிறவர்களுக்குப் பிரஜா உரிமை கொடுங்கள். முதலில் மலையகத்தவர்களுக்கு, ஏனென்றால் அவர்களை ஏற்பதாக இந்த நாடு 1964லேயே கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறது.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கொடி பிடித்து வந்தாலும், ஈழத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நிறுத்துங்கள். கொட்டப்பட்டுக்காரனுக்கு ஓட்டு எப்போது என்று கேளுங்கள். பதில் வரும்வரை மேடையை விட்டு இறங்க விடாதீர்கள்.