வாய்க்கு மட்டும் காசு!

நியூஸ்லெட்டர் படிக்கிற பழக்கம் உண்டா பாஸ்? கட்டுரை முழுசா, ஃப்ரீயா, மெயிலுக்கே வந்துடும். படிச்சு முடிச்சுட்டு, 'சார், ஒரு சின்னத் திருத்தம்'னு சொல்லப் போனா... பெட்டி பூட்டியிருக்கும். சந்தா கட்டினவங்க மட்டும்தான் பேசலாமாம்!

2017-ல் ஆரம்பிச்ச சப்ஸ்டாக்கில் யார் கருத்துச் சொல்லலாம்னு எழுதுறவரே முடிவு பண்ணிக்கலாம். டாலர்ல மாசச் சந்தான்னா குறைஞ்சது அஞ்சு. நம்ம காசுக்கு நானூறைத் தாண்டும். எக்ஸ் தளமும் 2023 அக்டோபரில் 'வெரிஃபைடு ஆட்கள் மட்டும் பதில் சொல்லலாம்'னு ஒரு பூட்டைக் கொண்டுவந்தது.

தளவாய்புரத்துல எனக்கு ஒரு தோழி. நைட்டிக்குப் பேர்போன ஊர். காலேஜ் விட்டு வந்ததும் அம்மாகூட மிஷின்ல உட்கார்ந்துடுவா. பீஸ் ரேட். ஒரு இங்கிலீஷ் நியூஸ்லெட்டர், சின்ன ஊர் ஜவுளித் தொழில் பத்தி எழுதும்போது, 'தையல் எல்லாம் ஃபேக்டரிக்குள்ளேயே நடக்கிறது'ன்னு போட்டிருந்தது. இவளுக்குக் கடுப்பான கடுப்பு! வெட்டின துணி மூட்டையா வீட்டுக்கு வருது. தைச்சுத் திருப்பிக் கொடுக்கணும். அவ வீட்டுல நூலு, உடைஞ்ச ஊசி, கரண்ட் பில்லு எல்லாமே அம்மா கணக்குதான். அதுல ஃபேக்டரி எங்கே இருக்கு? நாலு வரி டைப் அடிச்சா, 'முதல்ல பணம்'னுது. அதுக்கு எத்தனை நைட்டி தைக்கணும்னு மனக்கணக்கு போட்டுட்டு போனைக் கீழே வெச்சுட்டா. கட்டுரைக்குக் கீழே ஏற்கெனவே பேசியிருந்த பதினோரு பேரும் சொன்னது, 'அருமை, அருமை'!

சந்தாவுக்குள்ளேயே நடந்த பத்திரிகை தமிழில் இல்லாமல் இல்லை. 1959 ஜனவரியில் சி.சு.செல்லப்பா 'எழுத்து' தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிப்பதில்லை, கடைகளில் விற்பதில்லை என்று அறிவித்தார். மனுஷன் அவ்வளவு கறார்! ஆனாலும் அடுத்த வருஷமே திருகோணமலையிலிருந்து ஓர் இருபது வயசுப் பையனின் கவிதை அதில் வந்தது. தருமு சிவராமு. பின்னாளில் பிரமிள். செல்லப்பா பூட்டியது விற்பனையைத்தான்.

வாரப் பத்திரிகைகள் இன்னும் தாராளம். சலூன்ல ஓசியில படிச்சுட்டு 50 காசு கார்டுல திட்டி எழுதினாலும் போட்டாங்க. சந்தா ரசீது எங்கேன்னு யாரும் கேட்டதில்லை. (கார்டே எழுதாம சலூன்காரரைப் பிடிச்சுத் திட்டினவங்க தனிக் கட்சி!)

'கதவைத் திறந்து வெச்சா வசவுதான் வருது'ங்கிறாங்க. நிஜம்தான். அதுவும் எழுதுறது பொண்ணா இருந்தா, சொல்லவே வேணாம். தினமும் அந்தக் குப்பையை அள்ளிக்கிட்டே எழுதுன்னு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா பணம் கட்டினவன் திட்டமாட்டான்னு யார் சொன்னது? கட்டுரையை எல்லாருக்கும் அனுப்புறீங்கன்னா, திருத்தம் சொல்ல மட்டுமாவது ஒரு முகவரியை அடியில போடலாமே. வர்றதைப் படிச்சுப் பார்த்துப் போடுங்க, நல்லா இல்லேன்னா தூக்கிப் போடுங்க. செல்லப்பாவும் அதைத்தானே செஞ்சார்?

அதுவரைக்கும் ஒரு வழி இருக்கு. மெயில்ல வந்த கட்டுரைக்கு 'ரிப்ளை' அமுக்கிப் பாருங்க. எழுதினவர் அதை அடைச்சு வைக்கலேன்னா நேரா அவர்கிட்டயே போகும். இங்கிலீஷ் தகராறா? தமிழ்லயே அனுப்புங்க. ஜவுளியைப் பத்தி எழுதத் தெரிஞ்சவருக்கு, மொழிபெயர்க்க ஆளா கிடைக்காது?