கோடை விழாவில் ஒரு மாலை

பண்ணைக்காடு ஊரில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குகிறேன். போன வருடம் ஒரு பையன் ராணி வேடத்தைக் கேட்டு வாங்கி, தானே சேலை கட்டிக்கொண்டான். கொசுவம் கடைசிவரை கலையவில்லை. கூட்டம் சிரித்தது, எனக்கு நெஞ்சு வலித்தது.

அவனிடம் லிவிங் ஸ்மைல் வித்யாவைப் பற்றிச் சொன்னேன். ‘நான், வித்யா’ எழுதிய திருநங்கை. சென்னையில் நண்பர்களோடு ‘பன்மை’ நாடகக் குழுவைத் தொடங்கி, தாங்கள் பட்டதையே பிரதியாக்கி மேடையேற்றியவர். ‘வெள்ளை மொழி’ எழுதிய அ. ரேவதியும் தன் கதையைத் தனியாளாக நடித்துக்காட்டுகிறார். சினிமா கேலிப்பொருளாக்கிய வாழ்க்கையை இவர்கள் தங்கள் சொந்த வசனத்தில் பேசுகிறார்கள். நம் நாடகத்துக்கு இதைவிட அவசியமான எழுத்து இன்று இல்லை.

எங்கள் பகுதியில் மே மாதம் நடக்கும் கோடை விழாவில் பாட்டும் ஆட்டமும் உண்டு. விழாவை நடத்துபவர்களே, அதில் ஒரு மாலையை, உரிய சம்பளத்தோடு, இவர்களுக்குக் கொடுங்கள்.